உபயதாரர் பெயரும் விளக்கின் வெளிச்சமும்

பால்புதுமையினருக்கான இரவு நிகழ்ச்சிகளில் வணிகர் பங்கு – ஒரு விளக்கம்



நமது வட்டாரக் கடைகளுக்குச் சோப்பும் ஷாம்பும் சப்ளை செய்யும் விநியோகஸ்தர் ஒருவர் அண்மையில் நம்மை அணுகினார். அவருடைய கம்பெனி, இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, திருநங்கையரும் அவர்களைப் போன்ற பிறரும் கூடி மகிழும்படி ஓர் இரவு நிகழ்ச்சி நடத்த எண்ணுகிறதாம். வண்ண விளக்கு, பாட்டு, நடனம், அலங்காரப் போட்டி எல்லாம் உண்டு. வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகாமல், உள்ளே நுழைந்தது முதல் வெளியே வரும் வரை தாங்களே நிகழ்ச்சியின் பாகமாக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் யோசனை. வாசலில் நம் உறுப்பினர்கள் ஸ்டால் போட்டுக்கொள்ளலாம். “பேனர் எங்களுடையது, வியாபாரம் உங்களுடையது” என்றார் அவர்.

செயற்குழுவில் இதைப் பேசினோம். “இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்றார் ஒருவர். “சட்டப்படி சரிதானா?” என்றார் மற்றொருவர். “எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு சரக்கு ஓடும்?” என்று மூன்றாமவர் கேட்டார். மூன்றும் வியாபாரி கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் கூட்டம் கலைந்த பிறகுதான் ஒன்று நம் மனத்தில் பட்டது. வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று அன்று யாருமே கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே, இத்தகைய நிகழ்ச்சிகள் பற்றி விசாரித்து அறிந்ததை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

யார் இவர்கள், சட்டம் என்ன சொல்கிறது?

பிறப்பில் ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாக வாழ்கிறவர்களைத் திருநங்கையர் என்றும், பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்கிறவர்களைத் திருநம்பியர் என்றும் இன்று சொல்கிறோம். தம் பாலினத்தவர் மீதே அன்பு கொள்கிறவர்களும் உண்டு. இவர்கள் அனைவரையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகப் பால்புதுமையினர் என்பது வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் திருநங்கையர்க்கு நலவாரியம் 2008-ஆம் ஆண்டில் அமைந்தது. உச்ச நீதிமன்றம் 15-4-2014 அன்று மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. வயது வந்த இருவர் தம் விருப்பத்தால் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆவது பிரிவை, அந்த அளவில் செல்லாது என்று 6-9-2018 அன்று அதே நீதிமன்றம் தீர்த்தது. 2019-ஆம் ஆண்டின் மாற்றுப் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவை வணிகர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பொதுமக்களுக்குக் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் இவர்களுக்கு மறுக்கக் கூடாது. வேலையிலும் வாடகைக்கு இடம் கொடுப்பதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. கடை நடத்துகிறவரையும், கடைக்கு மேல் மாடியில் அறை கட்டி வாடகைக்கு விடுகிறவரையும் இது நேரே தொடுகிறது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தந்த கட்டளைகளைத் தொடர்ந்து, இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலும் 2022-இல் சேர்க்கப்பட்டது.

ஆக, இவர்கள் கூடி மகிழ்வதில் சட்டத் தடை ஏதும் இல்லை. மற்ற நிகழ்ச்சிகளுக்கு வேண்டிய அனுமதிகளே இதற்கும் வேண்டும்.

கூவாகம் காட்டும் வழி

இரவு முழுவதும் நடக்கும் நிகழ்ச்சி, வருகிறவரே பங்குகொள்ளும் நிகழ்ச்சி என்றெல்லாம் கம்பெனிக்காரர்கள் புதிதாகச் சொல்கிறார்கள். ஆனால் இதற்கு மிகப் பெரிய உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாதான் அது. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019-இல் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது.

கதையை உறுப்பினர்கள் பலர் அறிவார்கள். பாரதப் போரில் பாண்டவர் வெல்வதற்காகப் பலியாக ஒப்புக்கொண்ட அரவான், சாவதற்கு முன் ஒரு நாளாவது மணவாழ்வு வேண்டும் என்கிறான். மறுநாள் விதவையாகப் போகிறவளாக யார் வருவாள்? கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான். அந்த மோகினியாகத் தம்மைக் கருதித் திருநங்கையர் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் கூவாகத்தில் வந்து கூடுகிறார்கள்.

சாகை வார்த்தலில் தொடங்கிப் பதினெட்டு நாள் நடக்கும் விழாவில், பௌர்ணமியை ஒட்டிய மாலையில் கோயில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் கிராமத்து ஆண்களும் உண்டு. அன்று இரவு முழுவதும் கற்பூரத்தைக் குவித்து ஏற்றி, சுற்றி வந்து கும்மியடித்து ஆடுகிறார்கள். விடிந்ததும் அரவான் தேர் புறப்பட்டுப் பந்தலடிக்குச் செல்கிறது. அங்கே அழுகளம். தாலி அறுக்கப்படுகிறது, வளையல் உடைக்கப்படுகிறது, ஒப்பாரி எழுகிறது. குளித்து வெள்ளைப் புடவை உடுத்தி அவரவர் ஊர் திரும்புகிறார்கள்.

வியாபாரியின் கண்ணோடு இதைப் பார்த்தால் மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, இந்த இரவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வந்து சேர்தல், கூடி மகிழ்தல், துக்கத்தோடு பிரிதல் என்று அது ஒழுங்காக நடக்கிறது. தாலிக்கயிறு, மஞ்சள், பூ, கண்ணாடி வளையல் விற்கும் கடைக்காரர் அந்த வரிசையை அறிந்தே சரக்கு எடுக்கிறார். மாலையில் மஞ்சள் கயிறும் பூவும் வளையலும், இரவில் கற்பூரமும் தின்பண்டமும், காலையில் வெள்ளைப் புடவையும் தேவைப்படும். விழாவின் பொருள் தெரியாதவர் அங்கே கடை போட்டாலும் கையில் எதை எப்போது வைத்திருப்பது என்று தெரியாமல் நிற்பார்.

இரண்டாவது, விழா ஒருவர் கையில் இல்லை. தேரில் பொருத்தும் அரவானின் உறுப்புகள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து சேருகின்றன. எல்லா ஊருக்கும் ஒரு பொறுப்பு இருப்பதால் எல்லா ஊரும் விழாவைத் தன்னுடையது என்கிறது. திருநங்கையர் தலைமுறை தலைமுறையாக வந்து அதைத் தங்களுடையதாகவும் ஆக்கிக்கொண்டார்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் கொரோனாவால் விழா தடைப்பட்டு, 2022-இல் மீண்டும் நடந்தபோது கூட்டம் தானாகத் திரும்பி வந்தது. எந்தக் கம்பெனியும் அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை.

மூன்றாவது, பக்தியோடு பிற காரியங்களும் அங்கே இடம் பெற்றிருக்கின்றன. விழா நாட்களில் விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் அழகிப் போட்டி நடக்கிறது. திருநங்கையர் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்யும் காரியம் அது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் பிற சுகாதார அமைப்புகளும் இந்தக் கூட்டத்தைப் பயன்படுத்தி விழிப்புணர்வுப் பணி செய்திருக்கின்றன. அதாவது, மேடைக்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு தேவையை நிறைவேற்றவும் வந்தார்கள்.

குறைகளும் உண்டு. விழா நாட்களில் விழுப்புரம் விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். வேடிக்கை பார்க்கவும் கேலி செய்யவும் கையைப் பிடித்து இழுக்கவும் வரும் ஆண்கள் கூட்டம் பெருந்தொல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர்தானே என்று விலையை ஏற்றி விற்கும் கடைக்காரரும், இரவுக்கு ஒருமுறை கிடைத்தவர்தானே என்று கையை நீட்டும் ஆளும், வந்தவரை மனிதராக மதிக்கவில்லை என்ற வகையில் ஒரே தட்டில்தான் நிற்கிறார்கள்.

உபயம் என்றால் என்ன?

கம்பெனிகள் ‘ஸ்பான்சர்’ என்று சொல்வதை நாம் உபயம் என்று நெடுங்காலமாக அறிவோம். நம் இருங்காட்டுக்கோட்டைக்கு அது புதிதல்ல. 1990-இல் இங்கே கார்ப் பந்தயத் தடம் வந்தது முதல் டயர் கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்து வருகிறோம். பந்தயத்துக்குக் கம்பெனி பணம் தருகிறது, பந்தயம் கம்பெனிக்குப் பெயர் தருகிறது. கணக்கு நேர். பந்தயம் பார்க்க வந்தவர் மறுநாள் தம் வேலைக்குப் போய்விடுவார். பார்த்ததற்காக அவரை யாரும் வீட்டை விட்டுத் துரத்தப் போவதில்லை.

பால்புதுமையினர் நிகழ்ச்சி அப்படியல்ல. இங்கே வந்ததாலேயே ஒருவருக்கு அறையோ வேலையோ போகக்கூடும். ஆகவே இதில் உபயதாரருக்குப் பொறுப்பு அதிகம்.

கோயில்களில் ட்யூப்லைட் உபயம் செய்கிறவர்களைப் பற்றி நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். குழல் முழுவதும் ‘உபயம்’ என்று தொடங்கித் தம் பெயர், தகப்பனார் பெயர், கடைப் பெயர் எல்லாம் கறுப்பு மையில் எழுதி, கடைசியில் வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் செய்துவிடுவார்கள். கம்பெனிகள் நடத்தும் நிகழ்ச்சிகளிலும் இந்தக் குறை நேர்கிறது. அண்மைக் கால உதாரணங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

2016-இல் புரூக் பாண்ட் ரெட் லேபிள் தேயிலையின் ஆதரவில் ஆறு திருநங்கையர் பாடும் இசைக்குழு ஒன்று மும்பையில் தொடங்கப்பட்டது. பாட்டுகள் நாடெங்கும் பரவின. அதே ஆண்டு கான் நகர விளம்பர விழாவில் அது உயர்ந்த பரிசு ஒன்றையும் பெற்றது. திருநங்கையர் பாடுவதை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கும்படி செய்தது நல்ல காரியமே. ஆனால் அந்தத் தேயிலைப் பாக்கெட் அப்போது நம் கடைகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்க ஒரு திருநங்கை வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று நம்மில் யாருக்காவது தோன்றியதா? பரிசு கான் நகரம் வரை போனது. பண்பு கடைவாசல் வரை வரவில்லை. அதற்குக் கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

2017-இல் கொச்சி மெட்ரோ ரயில் நிறுவனம் திருநங்கையர்க்கு வேலை கொடுத்து நாடு முழுவதும் பாராட்டுப் பெற்றது. ஆனால் சேர்ந்தவர்களில் சிலர் சில நாட்களிலேயே வேலையை விட நேர்ந்தது. நகரத்தில் யாரும் அவர்களுக்கு வாடகைக்கு அறை தரவில்லை என்பதே காரணம். ஒரு நிறுவனம் கதவைத் திறந்தாலும் ஊர் கதவை மூடினால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

புதுதில்லியில் லலித் ஓட்டல் குழுமம் தன் இரவு விடுதியில், ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிப்பாடும் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்து மேடை அமைத்தது. அக்குழுமத்தின் செயல் இயக்குநர் கேசவ் சூரி, 377-ஆவது பிரிவை எதிர்த்து 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தவர்களில் ஒருவர். இரவில் கொண்டாட்டம் நடத்தியவர் பகலில் வழக்கிலும் நின்றார். அதனால் அந்த நிகழ்ச்சிகளுக்கு நம்பகம் வந்தது.

இதற்கு எதிரான பாடம் அமெரிக்காவில் 2023-இல் கிடைத்தது. பட் லைட் என்னும் பீர் கம்பெனி ஒரு திருநங்கையை வைத்துச் சிறிய விளம்பரம் செய்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் இரு பக்கமும் நோகாதபடி பூசி மெழுகி அறிக்கை விட்டது. எதிர்த்தவர்களும் சமாதானமாகவில்லை, ஆதரித்தவர்களும் கைவிட்டதாகக் கோபித்தார்கள். விற்பனை சரிந்து, அந்நாட்டில் முதலிடத்தையும் இழந்தது. நிற்க முடியாத இடத்தில் கால் வைக்காதே, வைத்தால் நில் என்பதே இதன் பொருள்.

சிங்கப்பூர் வணிகர் செய்தது

நம்மைப் போன்ற நடுத்தர வணிகர்களுக்கு மிகவும் பொருந்தும் உதாரணம் தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் இருக்கிறது. 2009 முதல் அங்கே ஹாங் லிம் பூங்காவில் ‘பிங்க் டாட்’ என்னும் கூட்டம் நடந்து வருகிறது. இளஞ்சிவப்பு உடையில் பால்புதுமையினரும் அவர்கள் குடும்பத்தாரும் நண்பர்களும் மாலையில் கூடுவார்கள். இருட்டியதும் ஆளுக்கொரு விளக்கைக் கையில் ஏந்தி நிற்க, மேலிருந்து பார்த்தால் அது ஒரே ஒளிப்பொட்டாகத் தெரியும். மேடையில் யார் ஆடினாலும், நிகழ்ச்சியை முடித்து வைப்பது வந்தவர்கள் கையிலுள்ள விளக்குதான். உள்ளே நுழைந்து பங்குகொள்ளும் நிகழ்ச்சி என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

2016 வரை கூகுள் போன்ற பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் இதற்கு உபயம் செய்தன. அவ்வாண்டு அந்நாட்டு அரசு, உள்நாட்டு விவகாரமான இதற்கு வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் தரக் கூடாது என்றது. கூட்டம் நின்றுவிடும் என்று பலர் எண்ணினார்கள். ஆனால் 2017-இல் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, நிர்ணயித்த தொகைக்கு மேலேயே திரட்டிக் கொடுத்தன. ஒரு பெரிய உபயதாரர் போனால் நிகழ்ச்சியும் போகும். நூறு சிறிய உபயதாரர் இருந்தால் நிற்கும். சங்கமாகச் சேர்ந்து இயங்கும் நமக்கு இது புரியாத கணக்கல்ல.

நம் பகுதியில் எப்படி அமைக்கலாம்?

1996-இல் ஹூண்டாய்க் கம்பெனி இங்கே வந்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகின. பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் ஷிஃப்ட் வேலைக்காக அறை எடுத்துத் தங்குகிறார்கள். அவர்களில் பால்புதுமையினரும் இருப்பார்கள். பலர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. இதை மனத்தில் வைத்தே எல்லா ஏற்பாடும் அமைய வேண்டும். நாம் பொருத்தமென்று கருதுவன வருமாறு:

1. தீர்மானம் யாருடையது? விழாக் குழுவில் பாதிக்கு மேல் அந்தச் சமூகத்தாரே இருக்க வேண்டும். நிகழ்ச்சி என்ன, யார் ஆடுவது, யார் பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மண்டபம், மின்சாரம், தண்ணீர், கடைகள் நம் பொறுப்பு.

2. நாளும் நேரமும். சம்பளம் வந்த பிறகு வரும் வார விடுமுறை நாள் நல்லது. மாலை ஷிஃப்டில் இருப்பவர்களையும் இரவு ஷிஃப்டுக்குப் போகிறவர்களையும் யோசித்து, மதியத்திலிருந்தே கதவு திறந்திருக்கலாம்.

3. அனுமதி. காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சிக்கும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே பாட்டும் ஆட்டமும் பத்து மணிக்குள் முடிந்து, அதன் பின் சாப்பாடும் பேச்சும் என்று வரிசைப்படுத்துவது அறிவுடைமை. மது வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே நெடுஞ்சாலை ஓடுகிறது என்பது ஒன்றே போதுமான காரணம்.

4. புகைப்படம். இதில்தான் பெரிய ஆபத்து. கம்பெனிக்கு விளம்பரப் படம் வேண்டும். வருகிறவருக்கு முகம் வெளியே போகக் கூடாது. வாசலில் இரண்டு நிற நாடா வைத்துக்கொள்ளலாம். படம் எடுக்கச் சம்மதிப்பவர் ஒரு நிறம், சம்மதிக்காதவர் இன்னொரு நிறம் என்று கையில் கட்டிக்கொள்ளட்டும். உள்ளே ஒரு பகுதியில் செல்பேசி எடுக்கவே தடை வேண்டும். வருகிறவர் பெயரையும் செல்பேசி எண்ணையும் வாங்கிக் கம்பெனிக்குக் கொடுக்கும் வேலையில் நம் உறுப்பினர் எவரும் இறங்கக் கூடாது.

5. கம்பெனியின் சரக்கு எங்கே நிற்க வேண்டும்? சோப்புக் கம்பெனி மேடையில் ஆளுயரப் பலகை வைப்பதைவிட, வேலை முடிந்து யூனிஃபார்மோடு வருகிறவர்கள் முகம் கழுவி உடை மாற்றி அலங்கரித்துக்கொள்ள ஒரு நல்ல அறை அமைக்கட்டும். நிறைய தண்ணீர், பெரிய கண்ணாடிகள், நல்ல வெளிச்சம், தாழ்ப்பாள் உள்ள கதவு, அவர்கள் சோப்பு. வீட்டிலிருந்தோ அறையிலிருந்தோ அலங்காரத்தோடு கிளம்ப முடியாத ஒருவருக்கு இரவு தொடங்குவதே அந்த அறையில்தான். கம்பெனியின் பெயரும் அங்கேதான் மனத்தில் நிற்கும்.

6. கோயில் சடங்கை மேடையேற்ற வேண்டாம். கூவாகத்தைப் பார்த்து, மேடையில் தாலி கட்டுவதும் அறுப்பதும் போல் காட்சி வைத்தால் நன்றாக இருக்குமே என்று யாராவது சொல்லக்கூடும். அது வழிபாடு, வேடிக்கைப் பொருளல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் ஒழுங்கை மட்டுமே. வந்தவரை வரவேற்கவும், எல்லோரும் கை சேர்க்கவும், ஒழுங்காக விடை கொடுக்கவும் இடம் இருக்க வேண்டும். மூத்த திருநங்கையர் தம் வாழ்க்கையைச் சொல்ல, இளையவர் சுற்றி உட்கார்ந்து கேட்க ஒரு மூலை இருந்தால் அதுவே பெரிய நிகழ்ச்சியாகும்.

7. கடைகள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா கூடாது. விலைப்பட்டியல் எழுதித் தொங்கவிட வேண்டும். குடிநீர் இலவசம். உணவு விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வைத்திருக்க வேண்டும். 2019 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளும் தட்டுகளும் வரக் கூடாது. சமூகத்தாரில் சமைக்கவும் கைவேலை செய்யவும் தெரிந்தவர்களுக்குக் கடைகளில் ஒரு பங்கை வாடகையின்றி ஒதுக்க வேண்டும்.

8. திரும்பிப் போகும் வழி. பலரும் மறப்பது இதைத்தான். நிகழ்ச்சி முடிந்து இரவு பதினொன்றுக்கு ஒரு திருநங்கை பட்டுப் புடவையோடு சர்வீஸ் ரோட்டில் தனியே பஸ்ஸுக்கு நின்றால், உள்ளே கொடுத்த மரியாதை அத்தனையும் அங்கே போய்விடும். சுங்குவார்சத்திரம், ஒரகடம், பூந்தமல்லி ஆகிய பக்கங்களுக்கு வேன் ஏற்பாடு செய்து, கடைசி ஆள் ஏறும் வரை நம் உறுப்பினர் இருவர் வாசலில் நிற்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கணக்குக்காக உபயம் ஒரு இலட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கலைஞர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும் ரூ.35,000, மண்டபம், விளக்கு, ஒலிக்கு ரூ.25,000, வேனுக்கும் காவலுக்கும் ரூ.15,000, தண்ணீர், கழிப்பறை, முதலுதவிக்கு ரூ.10,000, விளம்பரத்துக்கு ரூ.5,000, எதிர்பாராச் செலவுக்கு ரூ.10,000 என்று பிரிக்கலாம் என்பது நம் கருத்து. ஆடுகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, ஷாம்பு டப்பா கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். மேளக்காரருக்குக் கூலி உண்டு. பந்தல்காரருக்குக் கூலி உண்டு. யாருக்காக விழாவோ அவருக்கு மட்டும் இல்லை என்றால் அது உபயம் ஆகாது.

மறுநாள் காலை

இவ்வளவும் சரியாக நடந்தாலும், நிகழ்ச்சி ஓர் இரவுதான். மறுநாள் காலை நம் கடையைத் திறந்தாக வேண்டும். நம் கடையில் நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருநங்கையர் கடை கேட்டு வருவது உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே. வாடிக்கையாளர் நிற்கும் நேரத்தில் வந்துவிட்டால், பேச்சு வளராமல் அனுப்பிவிட வேண்டும் என்று, கல்லாப் பக்கத்தில் ஒரு டப்பாவில் பத்து ரூபாய் நாணயங்கள் போட்டு வைத்திருந்தோம். தலை நிமிராமல் எடுத்துக் கொடுத்துவிடுவது பழக்கம். ஒருநாள் மாலை ஒரு திருநங்கை வந்து கடை முன் நின்றார். தோளில் பை. கம்பெனி வேலை முடிந்து வருகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. பையன் வழக்கம்போல் நாணயத்தை எடுத்து நீட்டினான். அவர் மடித்து வைத்திருந்த மளிகைச் சீட்டைக் காட்டினார். அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய் என்று ஒரு மாதச் சாமான். பையன் நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தெரியாமல், சீட்டை வாங்கவும் தெரியாமல் விழித்தான். நாமும் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தோம். ‘வாங்கம்மா’ என்று ஒரு வார்த்தை நம் வாயிலும் வரவில்லை. அவர் நாணயத்தை மேசை மேல் வைத்துவிட்டு, சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார். இன்று அவர் மாதச் சாமான் வாங்குவது அடுத்த தெருக் கடையில்.

ஒரு வாடிக்கையாளர் போனது நஷ்டம்தான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தோடு வந்தவரை, அந்தப் பணத்தை வெளியே எடுக்கும் முன்பே கையேந்துகிறவராக நாம் தீர்மானித்துவிட்டோம். கடை கேட்டுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை ஏன் வந்தது என்று நாம் பல கூட்டங்களில் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். வேலை கொடுக்க ஆளில்லை, அறை கொடுக்க ஆளில்லை என்பதே அதற்குப் பதில். அப்படியும் ஒருவர் வேலை தேடிக்கொண்டு வந்தால், நம் டப்பா அவரைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இப்படிப்பட்ட கடையின் பெயரை ஒரு வண்ண விளக்கு நிகழ்ச்சியின் பேனரில் போட்டால், அது ட்யூப்லைட்டில் எழுதிய உபயம்தான்.

ஆகவே விநியோகஸ்தரிடம் மூன்று நிபந்தனைகள் சொல்லி அனுப்பியிருக்கிறோம். விழாக் குழுவில் சமூகத்தார் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். படம் எடுப்பதில் மேலே சொன்ன ஒழுங்கு வேண்டும். கம்பெனி தன் கிடங்கிலோ பாக்கிங் பிரிவிலோ சிலருக்காவது நிரந்தர வேலை கொடுக்க முன்வர வேண்டும். கம்பெனியின் பதில் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம்.

கம்பெனி பதிலுக்குக் காத்திராமல் நாமே செய்யக்கூடியவையும் உண்டு. மாடி அறையை வாடகைக்கு விடும் உறுப்பினர், முன்பணமும் வேலை விவரமும் சரியாக இருந்தால் வேறு கேள்வி கேட்காமல் கொடுக்கலாம். கடையில் ஆள் தேவைப்படுகிறவர் ஒரு திருநங்கையையோ திருநம்பியையோ வைத்துப் பார்க்கலாம். அவர் சொல்லும் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் பேனரும் வேண்டாம், உபயதாரரும் வேண்டாம்.

நம் கடையில் அந்த நாணய டப்பா இன்றும் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அதைக் கல்லாவிலிருந்து எடுத்து உள் அலமாரியில் வைத்துவிட்டோம். கை அதை நோக்கிப் போவதற்கு முன் வாய் கேட்க வேண்டும் என்று பையனுக்கும் நமக்கும் ஒரு விதி. மற்ற எல்லா வாடிக்கையாளரிடமும் காலை முதல் இரவு வரை கேட்கிற கேள்விதான் அது: “வாங்கம்மா, என்ன வேணும்?”